ஆயிரம் பொம்மைகளின் பெயர் தெரிந்த நாய்

வீட்டு நாய்க்குப் பந்து எறிந்தால் ஓடிப்போய்க் கவ்வி வரும். ஆனால் கையில் கொடுக்காது. துணிப் பொம்மையை உதறு உதறு என்று உதறும். பிடித்ததைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும். "இதற்கு என்ன தெரியும்?" என்று சிரிப்போம்.

எவ்வளவோ தெரியும் என்று காட்டிய பெண் நாய் "சேசர்". 2004-ல் பிறந்த இது, ஆடு மேய்க்கும் "பார்டர் கோலி" இனம். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில், ஜான் பில்லி என்ற ஓய்வு பெற்ற மனோதத்துவப் பேராசிரியர் வீட்டில் வளர்ந்தது.

1,022 பெயர்கள்

பில்லி தினமும் 4, 5 மணி நேரம் பாடம் நடத்தினார். பொம்மையைக் காட்டிப் பெயர் சொல்வார். பிறகு தேடி எடுக்கச் சொல்வார். பரிசு தின்பண்டம் அல்ல, விளையாட்டுதான்! 3 ஆண்டுகளில் 1,022 பெயர்கள் மனப்பாடம். அவற்றில் பந்துகள் மட்டும் 116.

எஜமானரின் முகக்குறிப்பைப் பார்த்து எடுக்கிறதோ? சந்தேகம் வந்தது. பொம்மைகளை மறைவில் வைத்துச் சோதித்தார்கள். அப்போதும் இருபதுக்குப் பதினெட்டு குறையவில்லை. கேட்டறியாத பெயரைச் சொன்னால், அங்கிருந்த புதுப் பொம்மையைக் கவ்வி வந்தது!

சேசர் 2019-ல் இறந்தது.

எல்லா நாய்க்கும் ஆயிரம் பெயர் வராது. உங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு பெயர் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். வாய்க்குள் முழுதாகப் போகும் சின்னப் பந்து மட்டும் வேண்டாம். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.