இளஞ்சிவப்பு எட்டாத கை

'ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகச் சிக்கினார்' என்ற செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். அந்த ரசாயனத்தின் பெயர் ஃபீனால்ப்தலீன். பிளஸ் டூ ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தவர்களுக்குப் பழைய சிநேகிதம்தான். 1871இல் அடால்ஃப் வான் பேயர் தயாரித்த இந்த வெள்ளைத் தூள், நீண்ட காலம் பேதி மாத்திரையாகவும் விற்றது. உள்ளே போனதை வெளியே கொண்டுவருவதில் அதற்கு முன்அனுபவம் உண்டு.

லஞ்ச ஒழிப்புத் துறையின் தலைமையகம் ஆலந்தூரில் இருக்கிறது. புகார் கொடுப்பவரின் நோட்டு எண்களைச் சாட்சிகள் முன் குறித்துக்கொண்டு தூளைத் தடவுவார்கள். பணம் கைமாறியதும், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள். தெளிந்த நீர் இளஞ்சிவப்பாகும்.

தூளின் மூலக்கூறில் மூன்று பென்சீன் வளையங்கள் உண்டு. காரம் பட்டதும் அவற்றை ஒட்டி மூடிக் கிடந்த லாக்டோன் வளையம் திறந்துகொள்ள, அதுவரை அடைபட்டிருந்த எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுக்கப் பரவுகின்றன. உடனே அது 550 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியை விழுங்குகிறது. மிச்ச ஒளிதான் நாம் காணும் இளஞ்சிவப்பு. கரைசலின் pH அளவு 8.2ஐத் தாண்டினால் போதும். அளவு மீறிக் காரம் கூடினாலோ நிறம் மறுபடி போய்விடும்! நிறம் மட்டும் போதாது, பணம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம்.

ஆனால் தூள் பிடிப்பது நோட்டைத் தொட்ட விரலை மட்டுமே. உயர் அதிகாரியின் விரல் நோட்டைத் தொடுவதே இல்லை. தமிழ்நாட்டு குட்கா வழக்கின் தொடக்கம், 2016இல் வருமான வரித் துறை ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் எடுத்த, லஞ்சம் கொடுத்ததாகச் சொல்லும் கணக்குக் குறிப்புகள். 2018 செப்டம்பரில் பதவியில் இருந்த டிஜிபியின் வீட்டிலேயே சிபிஐ சோதனை போட்டது. சோதனை என்பது தீர்ப்பல்ல. தென்னாப்பிரிக்காவிலோ தீர்ப்பே வந்தது: தேசியக் காவல் தலைவராகவும் இன்டர்போல் தலைவராகவும் இருந்த ஜாக்கி செலெபிக்கு 2010இல் 15 ஆண்டுச் சிறை.

மேல்மட்டத்தைப் பிடிக்க வேதியியலைவிடக் கூட்டல் கழித்தல்தான் உதவும். ஒரு காலகட்டத்தில் சேர்ந்த சொத்தையும் செலவையும் கூட்டி, வருமானத்தைக் கழிப்பார்கள். மிஞ்சுவது வருமானத்தில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டாம் என்று 1976இல் அக்னிஹோத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சலுகை காட்டியது. எனக்கென்னவோ தாராளமான பத்து சதவீதமாகவே படுகிறது.

கையும் களவுமாகச் சிக்குபவர், மேலிருந்து முடிவெடுப்பவர் என்ற இந்த இரண்டு வகையையும் ஊழல் தடுப்புச் சட்டமும் பிரித்தே வைத்திருக்கிறது. 2018இல் சேர்ந்த 17ஏ பிரிவின்படி, அதிகாரி பணியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே கைதானவருக்கு மட்டும் அது தேவையில்லை.