சும்மா இருக்கும் வரிகள் செய்யும் வேலை

நிரல் எழுதும் எவரும் ‘எக்ஸுடன் பூஜ்யத்தைக் கூட்டு’ என்று ஒரு வரி எழுதமாட்டார். ஆனால், பரிணாம முறையில் கணினியே வளர்த்தெடுத்த நிரல்களைப் பிரித்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வெற்று வரிகள் மண்டிக் கிடக்கும்.

மரபணு நிரலாக்கம் எனப்படும் இம்முறையை 1992-இல் வெளியான தம் நூலின் வழியே பரவலாக்கியவர் அமெரிக்காவின் ஜான் கோசா. முதலில் தாறுமாறான நிரல்கள் ஏராளமாக உருவாக்கப்படும். கொடுத்த வேலையை ஓரளவாவது செய்பவற்றுக்கு மதிப்பெண் கூடும். அவை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டும், ஆங்காங்கே மாறுதல் பெற்றும் அடுத்த தலைமுறையை உண்டாக்கும்.

இந்த மாறுதல் குருட்டாம்போக்கில் நடப்பது. 10 வரிகளும் தேவைப்படும் நிரலில் எங்கே கை வைத்தாலும் பெரும்பாலும் சேதம்தான். அதில் 30 வெற்று வரிகள் கலந்திருந்தால், நான்கில் மூன்று அடிகள் அவற்றின்மேல் விழும், வேலை கெடாது. அதனால் வெற்று வரிகளைச் சுமக்கும் நிரல்களின் வாரிசுகளே அதிகம் தப்பிப் பிழைக்கின்றன. உயிரணுக்களில் புரதமாக மாறாத மரபணுப் பகுதிகளின் பெயரையே ஆய்வாளர்கள் இவற்றுக்கும் வைத்தார்கள்: இன்ட்ரான்.

காப்பதோடு இவற்றின் பணி முடிவதில்லை. பிரிட்டனின் ஜூலியன் மில்லர் வளர்த்த கார்ட்டீசியன் மரபணு நிரலாக்கத்தில், நிரல் என்பது எண்ணிட்ட கணுக்களின் வரிசை. தனக்கு முந்தைய எந்தக் கணுவிலிருந்து உள்ளீடு வரவேண்டும் என்பதை ஒவ்வொரு கணுவும் எண்ணால் குறித்து வைத்திருக்கும். இறுதி விடையோடு தொடர்பற்ற கணுக்கள் சும்மா கிடக்கும். வழக்கமாக ஒரு தாய் நிரலுக்கு நான்கு பிள்ளைகள். தாயை மிஞ்ச வேண்டியதில்லை, அதே மதிப்பெண் எடுத்தாலே தாயின் இடம் பிள்ளைக்கு. இந்த விதியால், சும்மா கிடக்கும் கணுக்கள் மதிப்பெண்ணைப் பாதிக்காமல் தலைமுறைதோறும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏதோ ஒரு தலைமுறையில் ஓர் இணைப்பு எண் 17 என்பதிலிருந்து 42 ஆக மாறினால், 42-ஆம் கணுவும் அதற்கு உள்ளீடு தரும்படி அதுவரை உருவாகியிருந்த பகுதி முழுவதும் ஒரே எட்டில் விடைக்குள் வந்துவிடும். கணுக்கள் மிக அதிகமாகவும் அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் செயலற்றும் இருக்கும்போதுதான் தேடல் சிறப்பாக நடக்கிறது என்று மில்லரும் அவருடன் ஆய்வு செய்த ஸ்மித்தும் 2006-இல் எழுதினார்கள்.

இதற்கு விலையும் உண்டு. கோசாவின் முறையில் வெற்று வரிகள் பெருகி நிரல் ஊதிப்போகும்; நினைவகமும் நேரமும் கரையும். எந்த மாறுதலும் உறைக்காமல் முன்னேற்றமே நின்றும் போகலாம். ஆகவே நீளமான நிரலுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். வளர்ந்து முடிந்த நிரலிலிருந்து வெற்று வரிகளைத் தாராளமாக நீக்கலாம், விடை மாறாது. வளரும்போதே ஒட்டச் சுரண்டினால், அது இனிக் கண்டுபிடிக்கக்கூடிய வழிகளையும் சேர்த்தே அடைத்துவிடுகிறோம்.