சங்கிலிப் படிகங்களில் மீக்கடத்தல்

பிரிக்பீல்ட்ஸில் ஏறிக் கிள்ளானுக்குச் செல்லும் தொடர்வண்டிக்குள் நாம் முன்னும் பின்னும் நடக்கலாம். பக்கத்துத் தடத்து வண்டிக்குத் தாவ இயலாது. மூலக்கூறுகள் சங்கிலியாய் அடுக்கப்பெற்ற படிகங்களில் எலக்ட்ரான்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

டென்மார்க்கில் கிளாவுஸ் பெக்கார்ட் உருவாக்கிய அத்தகைய கரிமப் படிகம் ஒன்றைக் குளிர்வித்தால், எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் அலையாய் ஒழுங்குற்று நிலைத்துவிடும், மின்னோட்டம் தடைப்படும். 1979ஆம் ஆண்டு பிரான்சின் ஓர்சேயில் டெனி ஜெரோம் குழுவினர் அதனை ஏறத்தாழ 12,000 வளிமண்டல அழுத்தத்திற்கு உட்படுத்தினர். சங்கிலிகள் நெருங்கின, எலக்ட்ரான்கள் பக்கச் சங்கிலிகளுக்கு எளிதில் தாவின, அலை குலைந்தது. எலக்ட்ரான்கள் இணையிணையாய்ச் சேர, ஏறத்தாழ 0.9 கெல்வினில் மின்தடை முற்றும் மறைந்தது. இதுவே மீக்கடத்தல்.

‘தொடர்’ என்னும் நம் சொல் சங்கிலியையும் வாக்கியத்தையும் குறிக்கும். தனித்தொடர் உரையாவதில்லை, அடுத்த தொடரோடு இயைதல் வேண்டும். படிகத்திற்கும் அவ்விதியே.