துவிச்சக்கர வண்டி எஞ்சினில் வாயில் நேரம் அளத்தல்

துவிச்சக்கர வண்டியில் பூட்டப்படும் சிறிய ஈரடிப்பு எஞ்சினுக்கு வால்வுகள் இல்லை. உருளையின் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களை, மேலும் கீழும் செல்லும் முசலமே திறந்து மூடுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் யோசப் டே என்பவர் அமைத்த எஞ்சினை, அவரிடம் பணியாற்றிய பிரெடெரிக் கொக் 1892இல் இந்த மூவாயில் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1946இல் பிரான்சில் வெளிவந்த வெலோசொலெக்சும், 1980இல் தமிழ்நாட்டின் ஓசூரில் பிறந்த ரி.வி.எஸ். 50உம் ஈரடிப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் திருத்துநர்கள் எஞ்சினின் நோயைக் காதாலேயே அறிந்தனர். அது பெருந்திறமைதான், ஆயினும் அரத்தைக் கையிலெடுக்குமுன் காது போதாது, அளவு வேண்டும். வாயிலின் விளிம்பை அராவி உயர்த்தியபின், போன உலோகத்தைத் திரும்ப வைக்க இயலாது.

அளப்பதற்கு 360 பாகைகள் குறிக்கப்பட்ட வட்டத்தட்டு ஒன்று தேவை. பழைய குறுந்தகடே போதும். அதன் விட்டம் 120 மி.மீ.; ஆகவே விளிம்பில் ஒரு பாகை ஏறக்குறைய 1 மி.மீ. இடத்தைப் பெறும். மாணவரின் பாகைமானியைக் கொண்டே குறித்துவிடலாம். தட்டைச் சுழற்றித்தண்டின் முனையில் அசையாது பூட்டி, எஞ்சின் உடலில் ஒரு கம்பியைச் சுட்டியாகக் கட்டுக.

அடுத்து முசலத்தின் உச்சநிலையைக் காணவேண்டும். பலர் இதனைக் கண்ணால் மதிப்பிட்டுப் பிழைவிடுகின்றனர். உச்சத்தின் அருகே தண்டு 5 பாகை திரும்பினாலும் முசலம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தானும் அசைவதில்லை. எனவே பழைய பிளக் ஒன்றின் பீங்கானை நீக்கி, முனை மழுங்கிய ஆணியை அதில் இறுக்கி, உருளையின் தலையில் பூட்டுக. தண்டைக் கையால் மெல்லத் திருப்ப, முசலம் ஆணியில் முட்டி நிற்கும். மறுபுறம் திருப்பினும் அவ்வாறே. வாசிப்புகள் 22, 330 எனின் நடுப்புள்ளி 356. சுட்டியை 4 பாகை நகர்த்தினால் இருபுறமும் 26 பாகை வரும். அப்போது பூச்சியமே உச்சநிலை.

ஆணியைக் கழற்றி, பிளக் துளைவழியே மின்சூளின் ஒளியைப் பாய்ச்சி, புகைவாயிலை வெளியிலிருந்து நோக்குக. முசலத் தலைக்கு மேலே முதல் ஒளிக்கீற்று தோன்றும் கணமே திறப்பு. அது 105 எனவும், மூடுவது 255 எனவும் வந்தால், வாயில் 150 பாகை திறந்திருக்கிறது. இரண்டு வாசிப்புகளும் 180க்கு இருபுறமும் சமதூரத்தில் இல்லையெனின், பூச்சியத்தை மீண்டும் சரிபார்க்கவேண்டும்.

தட்டு இல்லாமலும் இதைக் கணிக்கலாம். திரிகோணகணிதம் எதற்கென்று வினவும் மேல்வகுப்பு மாணவருக்கு இப்பகுதி உரியது. உருளையின் விட்டம் 40, வீச்சு 38 மி.மீ. எனக் கொள்வோம், கொள்ளளவு ஏறத்தாழ 47.8 சி.சி. ஆகும். வணரியின் ஆரை 19, இணைப்புக் கோலின் நீளம் 85 மி.மீ. ஆகட்டும். உச்சநிலையில் முசலத் தலையிலிருந்து புகைவாயிலின் மேல்விளிம்பு 26 மி.மீ. கீழே உள்ளது. அது திறக்கும் கணத்தில் 19, 85, 78 எனப் பக்கங்களைக் கொண்ட முக்கோணம் ஒன்று அமைகிறது. 78 என்பது 19ஐயும் 85ஐயும் கூட்டி 26ஐக் கழித்த மீதி. கோசைன் விதிப்படி 19க்கும் 78க்கும் இடைப்பட்ட கோணம் 105.3 பாகை. அதன் இருமடங்கை 360இலிருந்து கழிக்க 149.5 எஞ்சும். தட்டு காட்டியதற்கு இது அரைப் பாகையே குறைவு.

தண்டு கால்சுற்றுத் திரும்பும்போது முசலம் பாதி வழியில், அதாவது 19 மி.மீ.இல் நிற்கும் என்றே எவரும் நினைப்பர். கோல் சாய்வதால் அது 21 மி.மீ.க்கும் மேல் இறங்கிவிடுகிறது. வீச்சைப் பாகையாக நேர்விகிதத்தில் மாற்றக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது மேல்விளிம்பை 1 மி.மீ. உயர்த்திக் கணித்தால் விடை 156 பாகை. கண்ணுக்குச் சிறிதான அந்த ஒரு மில்லிமீற்றர் ஆறரைப் பாகையைக் கூட்டிவிடுகிறது. எஞ்சின் உயர்வேகத்தில் உறுமும். தாழ்வேகத்தில் இழுவை குன்றும். எப்சத்தின் ஏற்றங்களில் இத்தகைய எஞ்சினை நான் விரும்பேன்.

உருளையின் அடியில் அரை மில்லிமீற்றர்க் கடதாசிப் பொதியொன்றை மேலதிகமாக இட்டாலும் உருளை முழுவதும் உயர்கிறது. புகைவாயிலுக்கு 3 பாகைக்கு மேல் கூடும். உள்வாயிலுக்கோ நேர்மாறு: அதனை முசலத்தின் கீழ்விளிம்பு திறப்பதால் திறந்திருக்கும் நேரம் குறையும். ஆதலால் பொதியை மாற்றிய ஒவ்வொரு தடவையும் மூன்று வாயில்களையும் மீண்டும் அளந்து, பழைய வாசிப்புக்கு அருகே எழுதி வைத்தல் வேண்டும்.