பிறை பார்க்கும் பைனாகுலருக்குள்ளே நான்கு திருப்பங்கள்

சில வருடங்களுக்கு முன் தலைப்பிறை பார்க்க மத்ரஸா மொட்டை மாடியில் நின்றிருந்தோம். பைனாகுலரைக் கண்ணில் வைத்த மாணவன் ஒருவன், "ஹஸரத், இரண்டு பிறை தெரியுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிப் பார்த்தேன், எனக்கும் இரண்டுதான்! முந்திய வாரம் அது படியில் விழுந்த செய்தி பிறகுதான் வெளியே வந்தது.

வில்லைகளில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளேயிருந்த அரியம் ஒன்றுதான் இடம் பெயர்ந்திருந்தது.

அரியம் என்றதும் நிறம் பிரிக்கும் கண்ணாடித் துண்டுதான் உங்கள் நினைவுக்கு வரும். இங்கே அதன் வேலை வேறு. முன்வில்லை தரும் உருவம் தலைகீழானது. இடமும் வலமும் மாறியது. அதை நிமிர்த்த ஒவ்வொரு குழாயிலும் இரண்டு செங்கோண அரியங்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒளி இருமுறை திரும்புகிறது. ஒன்று மேல் கீழைச் சரி செய்ய, மற்றது இடம் வலத்தைச் சரி செய்கிறது. நீண்ட பாதை மடிந்து விடுவதால் குழாயும் குட்டையாகிறது.

இதில் வெள்ளிப் பூச்சு எதுவும் இல்லை என்பதுதான் விந்தை. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி, ஏறக்குறைய 42 பாகையை விடச் சாய்ந்து அதன் ஓரத்தில் பட்டால் வெளியேற முடியாது. முழுவதும் உள்ளேயே தெறிக்கும். அரியத்தில் அது 45 பாகையில் படுகிறது. வீட்டிலேயே பாருங்களேன்: கண்ணாடிக் கிளாஸில் நீர் நிரப்பி, கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, பக்கவாட்டால் நீர்மட்டத்தின் அடிப்புறத்தை நோக்குங்கள். வெள்ளித் தகடு போல் மின்னும்.

ஒளி முறியும் விதியை 984 அளவிலேயே பக்தாதில் இப்னு ஸஹ்ல் எழுதி வைத்தார். இந்த அரிய அமைப்புக்கு 1854இல் காப்புரிமை பெற்றவர் இத்தாலியரான போரோ. நல்ல கண்ணாடி கிடைத்து, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவர 1894 ஆகிவிட்டது.

எங்கள் பைனாகுலர் இரண்டு பிறை காட்டியது ஒரு வகையில் நல்லதே. அரியம் சிறிதளவே விலகியிருந்தால் கண்கள் இரு உருவங்களையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கப் பார்க்கும், தலைவலிதான் மிஞ்சும். ஆகவே இரவல் வாங்கிய பைனாகுலரை முதலில் தூரத்துக் கம்பம் ஒன்றில் சோதித்துக் கொள்ளுங்கள். நமது ஈரக்காற்றில் அரியத்தில் பூஞ்சணமும் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள்.

இன்னொன்று. சூரியன் முற்றாக மறையும்வரை பைனாகுலரை மேற்கே திருப்ப வேண்டாம். அதே வில்லைகள் சூரிய ஒளியைத் திரட்டி விழித்திரையைக் கருக்கி விடும். வலிகூடத் தெரியாது.