சபை வரலாறும் சாட்சியும்: ஜான் கிளார்க் மார்ஷ்மன்

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சபைகளில் ஊழியஞ்செய்யும் நம்மிற் பலருக்குச் செராம்பூர் என்பது பட்டச் சான்றிதழில் காணும் ஒரு பெயர் மாத்திரமே. அப்பெயருக்குப் பின்னுள்ள வரலாற்றை எழுதிவைத்த பாப்திஸ்து வரலாற்றாசிரியர் ஜான் கிளார்க் மார்ஷ்மனைக் குறித்து ஈண்டுச் சிந்திப்போம்.

1794-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1799-ல் தம் பெற்றோராகிய யோசுவா, ஹன்னா மார்ஷ்மன் ஆகியோருடன் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரை வந்தடைந்தார். இவருக்குப் பதினேழு வயதாயிருக்கையில், 1812 மார்ச்சில், மிஷன் அச்சகம் தீக்கிரையாயிற்று. எழுத்தச்சுகளோடு கேரியின் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. 1818-ல் தோன்றிய 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்க இதழுக்கு இவரே ஆசிரியர். செராம்பூர்க் கல்லூரி நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 1852-ல் இங்கிலாந்து திரும்பிய இவர், 1859-ல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரின் வாழ்வையும் காலத்தையும் இரு பாகங்களாக வெளியிட்டார். 1877-ல் காலமானார்.

இந்நூலை நாம் எங்ஙனம் வாசிப்பது? 1827-ல் செராம்பூர் ஊழியர்கள் தாய்ச் சங்கத்தினின்று பிரிந்தனர்; 1837-ல்தான் பிணக்குத் தீர்ந்தது. அப்பிணக்கில் ஒரு தரப்பினரின் மைந்தரே அதன் வரலாற்றை எழுதினார். எனவே அவர் நடுநிலையாளர் அல்லர். ஆயினும் பிணக்கை மறைத்துப் புகழுரை மாத்திரம் பாடவில்லை என்பது அவர் சிறப்பு. அன்புடையோன் எழுதலாம், ஆனால் கசப்பானதையும் எழுதவேண்டும்.

குறையொன்றும் உண்டு. நூலின் தலைப்பில் நிற்பவை மூன்று ஐரோப்பிய ஆடவரின் பெயர்கள். 1800-ல் பள்ளி தொடங்கிய அன்னையின் பெயர் அங்கில்லை; அவ்வாண்டின் இறுதியில் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பாலின் பெயரும் இல்லை.

நம் திருநெல்வேலி நாட்டிலோ நிலை சற்று வேறு. 1881-ல் கால்டுவெல் இம்மிஷனின் ஆதி வரலாற்றை எழுதுகையில், பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பெயர்ப்பட்டியல் அவருக்குச் சான்றாயிற்று. அதில் 40 பேர். குளோரிந்தா அம்மையாரும் அவர்களுள் ஒருவர். யாரோ ஒருவர் பொறுமையுடன் பெயர்களை எழுதிவைத்தமையால் அவ்வெளிய மக்கள் வரலாற்றில் இடம்பெற்றனர்.

ஆகவே, இறையியல் மாணவரே, பெருநூல் இயற்றுவது எல்லார்க்கும் இயலாது. ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டைச் செல்லரியாமற் காப்பதும், முதியோர் கூறுவதைத் தேதியிட்டு எழுதுவதும், சபைச் சண்டைகளையும் உள்ளபடி குறிப்பதும் நம்மால் இயலும். நாளைய வரலாற்றாசிரியன் நம் கிராமச் சபைகளைத் தேடி வருங்கால், அவன் கையில் நாம் கொடுக்கப்போவது யாது?