காரின் பெரிய வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரு காலத்தில் கார் என்பது செல்வர் வீட்டு முற்றத்தில் மட்டுமே நின்ற பொருள். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்தபின் அந்நிலை படிப்படியாக மாறியது. இன்று ஆசிரியர், செவிலியர், சிறு வணிகர் ஆகியோரின் இல்லங்களிலும் கார் நிற்கிறது. பல வீடுகளில் அது பிறர் ஓட்டியபின் இரண்டாம் கையாக வாங்கப்பட்டதே. முதியோரை மருத்துவமனைக்கும், குடும்பத்தாரை மணவீட்டிற்கும் சுமந்து செல்வது அதுதான்.

கார் வாங்கும்போது மாதத் தவணைக்குத் திட்டமிடும் குடும்பம், சில ஆண்டுகள் கழித்து வரும் பெரிய வேலைக்குத் திட்டமிடுவதில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது, டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டும் என்று ஒருநாள் செய்தி வருகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்த பணத்தில் கை வைக்க நேருமோ என்று தாய் கலங்குகிறாள். அப்போது எழும் கேள்வி இதுதான்: வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விடுவதா, வெளி மெக்கானிக்கிடம் விடுவதா?

இதற்கு ஊரில் ஆயத்தமான விடைகள் இரண்டு உண்டு. கம்பெனியில் விட்டால் பணம் பாழ் என்பார் ஒரு சாரார். வெளியில் விட்டால் வண்டியே பாழ் என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை நம்பி முழுப் பணத்தையும் செலவிடலாகாது. பெரிய வேலையில் நாம் விலை கொடுத்து வாங்குவது பெல்ட்டையும் பிளேட்டையும் மட்டுமன்று. செய்த வேலைக்கு நாளை பதில் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறோம். அப்பொறுப்பு எங்கே கிடைக்கும் என்று தேடுவதே அறிவுடைமை.

வேலையின் தன்மையை அறிவோம்

முதலில் வேலை எத்தகையது என்று கேட்டறிய வேண்டும். டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தையும் வால்வுகள் திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் இணைத்து வைப்பது அந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை. ஓடும்போது அது அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக முடியும். எத்தனை கிலோமீட்டரில் அதை மாற்றுவது என்பது காருக்குக் கார் வேறுபடும். சில கார்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும். அதற்கு அத்தகைய காலக்கெடு பொதுவாக இல்லை. ஆகவே, பெல்ட் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், நம் காரில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா என்பதை வண்டியுடன் வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வேலைகளில் பெரும்பகுதிச் செலவு பொருளுக்கன்று, பிரித்துப் பூட்டும் உழைப்புக்கே. கிளட்ச் பிளேட்டை மாற்றுவதற்கு கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். ஆதலின் பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். டைமிங் பெல்ட்டைக் கழற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்பாக இருப்பின் அதையும் உடன் மாற்றுவது வழக்கம். இன்று ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, ஆறு திங்களில் அதே கூலியை மறுமுறை கொடுப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசுவதற்கு ஒப்பாகும்.

கம்பெனிப் பணிமனை

கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குச் சில சிறப்புகள் உண்டு. அந்தக் கார் வகைக்கென்றே அமைந்த சிறப்புக் கருவிகளும், கம்ப்யூட்டர் மென்பொருளும், நிறுவனம் அவ்வப்போது அனுப்பும் தொழில்நுட்ப அறிவிப்புகளும் அங்கே இருக்கும். மாற்றிய பாகத்திற்கும் செய்த வேலைக்கும் குறிப்பிட்ட காலம் உத்தரவாதம் உண்டு. வண்டியின் வரலாறு பதிவாகியிருப்பதால் விற்கும்போதும் அது உதவும்.

குறைகளும் உண்டு. நம்மிடம் பேசுபவர் ஒருவர்; வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவர் வேறொருவர். அவரை நாம் காண்பதே இல்லை. கூலி மிகுதி. பழுதான ஆல்டர்னேட்டரில் தேய்ந்த சிறு உறுப்பை மட்டும் மாற்றிச் சரிசெய்ய இயலும்போதும், முழுவதையும் புதிதாக மாற்றுவதே அங்குப் பெரும்பாலும் நடைமுறை. இவற்றோடு, இன்ஜினைக் கரி நீக்குதல், ஏ.சி.யைக் கிருமி நீக்குதல், எண்ணெயில் சேர்க்கும் திரவம் என்று கையேட்டின் அட்டவணையில் இல்லாத பல இனங்கள் மதிப்பீட்டில் இடம்பெறுவதுண்டு. அவை யாவும் தீமை என்று நாம் சொல்லவில்லை. அட்டவணையில் உள்ளவை எவை, கூடுதலாகப் பரிந்துரைக்கப்பட்டவை எவை என்று பிரித்துக் காட்டும்படி கேட்பது நம் உரிமை. அவ்வாறு கேட்டாலே பட்டியல் சில வேளைகளில் சுருங்கிவிடும்.

வெளி மெக்கானிக்

அம்பாசிடர் காரின் காலத்தில் நல்ல மெக்கானிக் என்பவர் காதால் நோயறியும் வைத்தியர். இன்ஜினின் ஓசையைக் கேட்டே கார்புரேட்டரிலா, பிளக்கிலா குறை என்று சொல்லிவிடுவார். 2014-இல் அக்காரின் உற்பத்தி நின்றது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளுக்கு இணங்கிய கார்களில் உணரிகளும் கம்ப்யூட்டரும் மிகுந்துவிட்டன. காது மட்டும் இனிப் போதாது. ஸ்கேனர் கருவியும் அதைப் படித்துப் பொருள் காணும் பயிற்சியும் வேண்டும். கருவி காட்டும் குறியீட்டை மட்டும் நம்பி, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவரிடம் வண்டியை விட்டால், அவர் கற்பதற்கான செலவை நாம் ஏற்கிறோம் என்று பொருள்.

எனினும், கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் போன்றவற்றில் தேர்ந்த வெளி மெக்கானிக் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகனத் தொழிற்பயிற்சி பெற்று, கம்பெனிப் பணிமனையில் பல ஆண்டுகள் உழைத்து, பின்னர் சொந்தமாகப் பட்டறை தொடங்கியவர்கள் பலர். அவரிடம் ஒரே கை நம் வண்டியை ஆண்டுதோறும் பார்க்கிறது. பழுதான பாகத்தை நம் கண்முன் காட்டி விளக்குகிறார். கூலியும் பெரும்பாலும் குறைவு.

பாகங்களிலும் சேமிப்பு உண்டு. கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. சென்னைப் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் கார் தயாரிப்பாளர்களுக்குப் பாகங்கள் வழங்குகின்றன. தம் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. இத்தகைய பாகத்தை, அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், ரசீதுடன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பிரேக் பேடு, ஃபில்டர், இன்ஜின் ஆயில் ஆகியவற்றில் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பிரேக்கில் போலி என்பது பணத்தைப் பற்றிய செய்தியன்று, உயிரைப் பற்றியது.

உத்தரவாதம் பற்றிய அச்சம்

வெளியில் ஒருமுறை விட்டாலே வாரண்டி போய்விடும் என்று பலர் அஞ்சுகின்றனர். வணிகத்தில் நேர்மையான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் இதுபற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்கள்மீது மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை செய்த ஒரே காரணத்திற்காக உத்தரவாதம் முழுவதையும் நீக்கலாகாது, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்பதும் அவ்வாணையின் கருத்து. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது.

நியாயம் நம் பக்கம் இருந்தாலும், ஒரு தனிக் குடும்பம் பெரு நிறுவனத்தோடு வாதாடிக் காலம் கழிக்க இயலாது. ஆதலின் வாரண்டி உள்ள 2, 3 ஆண்டுகள் வரை கம்பெனிப் பணிமனையிலேயே விடுவது விவேகம். அக்காலம் கடந்தபின்னும் சில வேலைகளுக்கு அங்கேயே செல்ல வேண்டும்: ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக்கின் மின்னணுப் பகுதி, ஹைபிரிட் கார் மற்றும் மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தப் பகுதி ஆகியவை.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தயாரிப்பிலேயே குறை இருந்தால் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்கிறது. தகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறும் குறை கண்டறியப்பட்டு, உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் இவ்வாறு அழைக்கப்பட்டன, இந்தியாவும் விலக்கன்று. இரண்டாம் கையாகக் கார் வாங்கியவர்களுக்கு இவ்வழைப்பு எட்டாமலே போகலாம். வெளியில் வேலை பார்ப்போரும், ஆண்டுக்கு ஒருமுறை தம் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கூறி நிறுவனத்திடம் விசாரித்தல் நலம்.

ஒப்படைக்கும் முன்

எங்கே விடுவதாயினும் சிலவற்றைக் கடைப்பிடிப்போம். செய்ய வேண்டிய வேலைகளையும் பாகங்களின் பெயரையும் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குவோம். அதே பட்டியலைக் காட்டி மற்றோரிடத்திலும் விலை கேட்போம். நம் இசைவின்றிக் கூடுதல் வேலை எதையும் தொடங்கலாகாது என்று சொல்லி வைப்போம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பார்ப்போம். வெளி மெக்கானிக்கிடம், இதே காரில் இதே வேலையை முன்பு செய்ததுண்டா என்று தயங்காமல் கேட்போம். இல்லை என்று நேர்மையாகச் சொல்பவரை நன்றியோடு நினைவில் வைத்து, வேறு வேலைக்கு அவரிடம் செல்வோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ரசீது. ரசீது வேண்டாம், விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர் நம்மிடையே மிகுதி. குறைந்த தொகையோடு, வேலைக்கான பொறுப்பையும் சேர்த்தே நாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதை உணர்வதில்லை. வேலை கெட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தையும் அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் அங்கு மனுவிற்குக் கட்டணமும் இல்லை. கம்பெனியானாலும் பட்டறையானாலும் இவ்வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாதவன் எதைக் காட்டி நியாயம் கேட்பான்?

கேட்கும் உரிமை நமக்கு இருப்பதுபோல, கொடுக்கும் கடமையும் உண்டு. கம்பெனி நீட்டும் பில்லுக்கு வாய் திறவாமல் பணம் செலுத்திவிட்டு, வெயிலில் வண்டிக்கடியில் கிடந்து உழைத்தவரிடம் ஐம்பதுக்கும் நூறுக்கும் வாதாடுதல் முறையன்று. உழைப்புக்கேற்ற கூலியைக் குறையாமலும் காலம் தாழ்த்தாமலும் கொடுக்கும் குடும்பத்திற்கு, நள்ளிரவில் வண்டி வழியில் நின்றாலும் எழுந்து வரும் மெக்கானிக் ஒருவர் வாய்ப்பார்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவது: பெரிய வேலை வரும்வரை காத்திராது, இன்றே வண்டியின் கையேட்டை எடுத்து, அடுத்த பெரிய வேலை எது, எத்தனை கிலோமீட்டரில் என்று பாருங்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அதற்கென ஒதுக்குங்கள். அவசரத்தில் அச்சம் முடிவெடுக்கும். ஆயத்தமாயிருப்போருக்கு அறிவு முடிவெடுக்கும். நாம் நேசிப்போர் ஏறிச் செல்லும் வண்டியல்லவா அது!